நோய்க்குப் பெயர் தந்த மேதை

நான் ஆராயும் நோய்க்கு முதன்முதலில் பெயர் தந்தவரைப் பற்றிச் சங்க அன்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ழான்-மார்த்தென் ஷார்க்கோ.

1825ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில், வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1862இல் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களும் முதியோரும் தீரா நோயுடன் அடைந்து கிடந்த இடம் அது. பிறர்க்கு அது துயரக் கிடங்கு. ஷார்க்கோவுக்கோ பெரியதொரு பாடநூல்.

நோயாளியின் நடை, கையசைவு, பேச்சு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கிக் குறிப்பெடுப்பார். அவர் இறந்தபின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்வார். இரண்டையும் ஒப்பிடுவார். இவ்வாறே, சதை மெலிவும் தசை விறைப்பும் ஒருங்கே தோன்றும் ஒரு நோயைப் பிரித்தறிந்தார். தண்டுவடத்தின் முன்பகுதி நரம்பணுக்கள் அழிவதால் சதை மெலிகிறது. பக்கவாட்டு நரம்புப் பாதை கெடுவதால் விறைப்பு வருகிறது. 1869இல் ஜோஃப்ருவா என்பவருடன் சேர்ந்து இதைப் பற்றி எழுதினார். 1874இல் அமியோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ் என்று பெயரிட்டார்.

1882இல் நரம்பு நோய்களுக்கென்றே அமைந்த பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. ஹிஸ்டீரியா பற்றிய அவருடைய கொள்கைகள் பல பின்னாளில் நிற்கவில்லை. தண்டுவடத்தில் அவர் கண்டதோ இன்றும் நிற்கிறது. 1893இல் அவர் மறைந்தபோது, அந்நோய்க்கு மருந்து ஏதுமில்லை.

மருந்தில்லா நோய்க்குப் பெயர் சூட்டி என்ன பயன் என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. அதன் பயன் தெரிய நூறாண்டு ஆயிற்று. 1993இல், இந்நோய் பரம்பரையாக வரும் சில குடும்பங்களில் எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணு பிழைபட்டிருப்பது தெரியவந்தது. அம்மரபணுவின் புரதம் உருவாவதைக் குறைக்கும் டோஃபெர்சென் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா இசைவளித்தது. நோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ இருவர்க்கே அது பொருந்தும். அவர்க்கும் முழுக் குணம் தருவதன்று. ஆயினும், பலவகைத் தளர்ச்சிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால், யாருடைய மரபணுவில் எதைத் தேடுவது?

எஞ்சிய பெரும்பாலோர்க்குக் காரணமே இன்னும் தெளிவாகவில்லை. நண்பர்களே, ஷார்க்கோ விட்ட பணி நம் தலைமுறையின் மேசைமீது இருக்கிறது.