கருத்துப்படம் போட்ட பாரதி



காலையில் வாசலில் கிடக்கும் பேப்பரை எடுத்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? தலைப்புச் செய்தி என்று சொல்வோம். ஆனால் நம்மில் பலருக்குக் கண் முதலில் போவது படத்துக்குத்தான். அறுபதைத் தாண்டியவர்கள் ‘தினத்தந்தி’யில் ‘கன்னித்தீவு’ பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர்கள். 1960-ல் தொடங்கிய அந்தச் சித்திரத் தொடரில் சிந்துபாத் ஊர் போய்ச் சேர்வதற்குள் நாம் பள்ளி முடித்து, வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றுவிட்டோம். 1972-ல் வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தவர்களும் நம் குடியிருப்பில் இருப்பார்கள். ‘ஆனந்த விகட’னில் மாலி, கோபுலு படங்களையும், ஆங்கிலப் பேப்பரில் ஆர்.கே. லட்சுமணின் சாமானியனையும் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்தவர்களும் உண்டு. அதில் நானும் ஒருவன்.

இந்தப் பழக்கத்தைத் தமிழ்ப் பத்திரிகை வாசகருக்கு முதன்முதலில் ஏற்படுத்தியவர் யார் தெரியுமா? மகாகவி சுப்பிரமணிய பாரதியார். பாட்டுக்காரராக அவரை நமக்குத் தெரியும். பத்திரிகைக்காரராகக் கொஞ்சம் தெரியும். கார்ட்டூன் போட்டவராகப் பலருக்குத் தெரியாது. அந்தக் கதையில் நம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும்கூட ஒரு பங்கு இருக்கிறது. அதனால்தான் இந்த இதழுக்கு அவரை எடுத்துக்கொண்டேன்.

பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11-ம் தேதி, எட்டயபுரத்தில். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோரு வயதிலேயே கவி பாடும் திறமைக்காகப் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. 1897-ல் செல்லம்மாளுடன் கல்யாணம். அடுத்த வருடமே தந்தை சின்னசாமி ஐயர் காலமானார். ஆதரவில்லாத பையன் காசியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனார். தலைப்பாகையும் முறுக்கு மீசையும் வந்தது அங்கேதான். திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் சில காலம் இருந்தார். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர். அந்த ஆண்டு இறுதியில் சென்னைக்கு வந்து ‘சுதேசமித்திர’னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் பிறந்த அதே 1882-ல் பிறந்த பத்திரிகை அது. ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

அங்கே அவருக்கு வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் பேச்சுகளையும் தமிழில் ஆக்க வேண்டும். நல்ல பயிற்சிதான். ஆனால் மனதில் இருப்பதையெல்லாம் எழுத அங்கே இடமில்லை. அது வங்காளப் பிரிவினை நடந்த சமயம். தேசம் முழுவதும் சுதேசிப் பேச்சு. தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கிய காலமும் அதுதான்.

1906 மே மாதம் சென்னையில் ‘இந்தியா’ என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. மண்டயம் குடும்பத்தாரின் முதலீடு, பாரதியின் எழுத்து. சிவப்புக் காகிதத்தில் அச்சிட்டார்கள். கடையில் தொங்கும்போதே கண்ணில் படும்.

நான் வணிகவியல் படித்து, வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஆகவே அந்தப் பத்திரிகையின் சந்தா விவரம்தான் என்னை முதலில் பிடித்தது. எல்லோருக்கும் ஒரே சந்தா இல்லை. அரசாங்கத்தாருக்கு வருடத்துக்கு 50 ரூபாய். ராஜாக்கள், ஜமீன்தார்களுக்கு 30 ரூபாய். மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15 ரூபாய். மற்றவர்களுக்கு 3 ரூபாய். கையில் இருப்பதற்குத் தகுந்தபடி கொடுங்கள் என்பதுதான் கணக்கு. நம் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணத்துக்கு இதைச் சிபாரிசு செய்தால் பொதுக்குழுவில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்!

இந்தப் பத்திரிகையின் முகப்பில்தான் பாரதி கருத்துப்படங்களை வெளியிட்டார். இங்கிலாந்தில் ‘பஞ்ச்’ பத்திரிகை 1841-லிருந்தே இதைச் செய்துவந்தது. லக்னோவில் ‘அவத் பஞ்ச்’, பம்பாயில் ‘ஹிந்தி பஞ்ச்’ என்று அதன் வழியில் இந்தியாவிலும் பத்திரிகைகள் இருந்தன. தமிழுக்கு அதைக் கொண்டுவந்து ஒரு நிலையான அம்சமாக ஆக்கியது ‘இந்தியா’. என்ன படம் என்ற யோசனை பாரதியுடையது, வரைந்து கொடுப்பது சித்திரக்காரர் வேலை. படத்தில் இருப்பவர் யார், என்ன நடக்கிறது என்பதையும் வாசகருக்கு விளங்கும்படி எழுதிவிடுவார்கள். கார்ட்டூன் என்பதே புதிது அல்லவா?

ஏன் படம்? அப்போது சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒருவர் வாசிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்த நாலு பேரும் தாங்களாகவே பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடியது படம் ஒன்றுதான். மின்டோ பிரபு யார், மார்லி யார், சீர்திருத்தம் என்று கொடுக்கப்படுவதில் உள்ளே என்ன இருக்கிறது என்று பத்தி பத்தியாக எழுதலாம். படத்தில் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். அதிலும் வைசிராயைப் பார்த்துச் சிரித்துவிட்டவனுக்கு வைசிராயிடம் பழைய பயம் இருக்காது. அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் வருவதையெல்லாம் வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்ப ஒரு தனி ஏற்பாடே வைத்திருந்தார்கள். ‘இந்தியா’வும் அதில் தவறாமல் இடம்பெற்றது.

வெள்ளைக்காரர்களை மட்டும் அவர் கேலி செய்யவில்லை. 1907 டிசம்பரில் சூரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு வ.உ.சி. முதலியவர்களுடன் பாரதியும் போயிருந்தார். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதி, செருப்பு பறந்து, மாநாடே கலைந்தது. மனுப் போட்டே சுயராஜ்யம் வாங்கிவிடலாம் என்று நம்பிய நம்மவர்களும் அவருடைய படங்களில் மாட்டிக்கொண்டார்கள்.

1908 ஜூலையில் வ.உ.சி.க்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் கடும் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்ததாக அரசாங்கத்தின் பார்வை ‘இந்தியா’ மேல் விழுந்தது. இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். எழுதியது பாரதி. ஆனால் பதிவேட்டில் ஆசிரியர் என்று இருந்த பெயர் எம். சீனிவாசன். பத்திரிகையில் வந்த எழுத்துக்காக 1908 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டவரும் அவர்தான். ஐந்து வருடம் தண்டனை கிடைத்தது. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வவுச்சரை எழுதியது யாராக இருந்தாலும், கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். ‘இந்தியா’வின் சிரிப்புக்குப் பின்னால் அந்த மனிதரின் ஐந்து வருடம் இருக்கிறது. பாரதியின் பெயர் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்குச் சீனிவாசனின் பெயர் தெரியும்?

அடுத்தது பாரதிதான் என்று நண்பர்கள் பயந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விடச் சொன்னார்கள். அவரும் போனார். ஓடிப்போனார் என்று அன்றே சிலர் குறை சொல்லியிருக்கலாம். ஆனால் போனவர் சும்மா உட்காரவில்லை. அச்சு இயந்திரமும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. 1908 அக்டோபரில் புதுச்சேரியிலிருந்து ‘இந்தியா’ மறுபடியும் வெளிவந்தது. கருத்துப்படங்களும் தொடர்ந்தன.

நம் ஊர் இதில் வருவது இனிமேல்தான். சென்னையிலிருந்து வரும் ரயில் பாதை திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரத்துக்கு வருகிறது. அங்கே பிரிந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி போகிறது. 1879-ல் போட்ட பாதை அது. புதுச்சேரிக்கு வேறு ரயில் பாதை கிடையாது. சாலையில் போவதானால் திண்டிவனத்திலிருந்து ஒரு வழி, விழுப்புரத்திலிருந்து ஒரு வழி. இரண்டும் சுமார் 40 கிலோமீட்டர்தான். அன்று இந்த இரண்டு ஊர்களும் தென்னாற்காடு மாவட்டத்தின் தாலுகாக்கள். வெள்ளைக்காரர் எல்லை இங்கே முடிந்து பிரெஞ்சு எல்லை ஆரம்பமாகும். புதுச்சேரியில் பாரதி எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆனால் அதைப் படிக்க வேண்டியவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தார்கள். பத்திரிகைக் கட்டு ரயிலில் போவதென்றால் விழுப்புரம் சந்திப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அரசாங்கம் அந்தக் கழுத்தைத்தான் பிடித்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் பத்திரிகை நுழையத் தடை வந்தது. 1910-ல் புதிய பத்திரிகைச் சட்டமும் வந்தது. அச்சாகும் பிரதி சந்தாதாரருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் பணம் எங்கிருந்து வரும்? எந்தத் தொழிலும் அப்படி நடக்காது. 1910 மார்ச் மாதத்துடன் ‘இந்தியா’ நின்றுபோனது. அவர் நடத்திய ‘விஜயா’ போன்ற மற்றப் பத்திரிகைகளுக்கும் அதே கதிதான். முழுக்க முழுக்கச் சித்திரங்களுக்காகவே ‘சித்ராவளி’ என்று ஒரு பத்திரிகை கொண்டுவர வேண்டும் என்ற எண்ணமும் பாரதிக்கு இருந்தது. அது கைகூடவில்லை. கைகூடியிருந்தால் இன்றைய காமிக்ஸ் ரசிகர்களுக்கு நூறு வருடத்துக்கு முந்திய ஒரு பாட்டனார் கிடைத்திருப்பார்.

பத்திரிகை போனதால் பாரதிக்கு வருமானம் போனது. குடும்பம் வறுமையில் இருந்தது. 1911-ல் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு ஒற்றர் தொல்லை அதிகமானது. ஆனால் அந்த முடங்கிய வருடங்களில்தான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன.

பத்து வருடம் அப்படியே ஓடியது. 1918 நவம்பரில் அவர் எல்லையைத் தாண்டி வந்தார். கடலூரில் கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். நண்பர்களின் முயற்சியால் நிபந்தனைகளோடு விடுதலையாகி, செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார். 1920-ல் சென்னைக்கு வந்து, முதலில் வேலை பார்த்த அதே ‘சுதேசமித்திர’னில் மீண்டும் சேர்ந்தார். 1921-ல் திருவல்லிக்கேணி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது. அதிலிருந்து தேறி வேலைக்கும் போனார். பிறகு வந்த வயிற்றுக்கடுப்பில் செப்டம்பர் மாதம் காலமானார். நாற்பது வயதுகூட நிறையவில்லை.

பாட்டுகளை மக்கள் பாடிக் காப்பாற்றினார்கள். 1949-ல் அரசாங்கமே உரிமையை வாங்கிப் பொதுச்சொத்தாக்க வழிசெய்தது. கருத்துப்படங்களை யார் காப்பாற்றுவது? படத்தைப் பாடி வைத்துக்கொள்ள முடியாது. பேப்பர் போனால் படமும் போச்சு. பழைய பேப்பருக்கு நாம் கொடுக்கும் மரியாதை உங்களுக்கே தெரியும். மாதக் கடைசியில் எடை போட்டு விற்றுவிடுகிறோம். ‘இந்தியா’ இதழ்களும் பெரும்பாலும் அப்படித்தான் போயிருக்கும். யாரோ சிலர் எடுத்து வைத்ததும், நூலகங்களில் தங்கியதும்தான் மிச்சம். அவற்றைத் தேடித் தொகுத்து, ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 1994-ல் ‘பாரதியின் கருத்துப்படங்கள்’ என்று நூலாகக் கொண்டுவந்தார். எண்பது வருடத்துக்கு மேல் சிதறிக் கிடந்த படங்கள் ஒரே அட்டைக்குள் வந்தன.

கார்ட்டூன் தொகுப்புகளில் உள்ள தனிச் சுகமே இதுதான். அன்றன்று பார்க்கும்போது அது ஒரு நிமிடச் சிரிப்பு. சேர்த்துவைத்துப் பார்க்கும்போது அது ஒரு காலத்தின் வரவுசெலவுக் கணக்கு. யார் யாருக்குப் பயந்தார்கள், விலைவாசி எப்படி இருந்தது, எதற்கு மக்கள் கோபப்பட்டார்கள் என்று வரிசையாகத் தெரியும். சரித்திரப் புத்தகத்தைத் திறக்காத பிள்ளைகள்கூடப் படத் தொகுப்பைக் கொடுத்தால் புரட்டுவார்கள். அப்புறம் இது யார், ஏன் இப்படி நிற்கிறார் என்று நம்மிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அதுவே ஒரு சரித்திர வகுப்பு.

உங்களுக்கு இரண்டு யோசனைகள். புதுச்சேரி போகும்போது கடற்கரையோடு திரும்பிவிடாமல், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அது இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. இரண்டாவது, உங்கள் பரணில் பழைய காமிக்ஸ், கார்ட்டூன் தொகுப்பு, பைண்டு செய்த விகடன் எது கிடந்தாலும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒரு அலமாரி இருந்தால் போதும், கோடை விடுமுறையில் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கலாம். பதிவேடு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் எழுதிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.