புன்னகைத்த சிறுமலர்

புனித குழந்தை தெரேசம்மாள் 1873-இல் பிரான்சு நாட்டில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்ததும் அக்காள் பவுலினையே பற்றிக்கொண்டார். அக்காளும் கன்னியர் மடம் புகவே, நோயுற்றார். யார் முகம் சற்று மாறினாலும் அழுவார். 1886 கிறிஸ்து பிறப்பு இரவில், நடுச்சாமப் பூசை முடிந்து வந்த களைப்பில், மகளின் பரிசுகளைக் குறித்துத் தந்தை சலித்துக்கொண்டது அவர் காதில் விழுந்தது. கண்ணீரை விழுங்கி, தந்தைமுன் மகிழ்ச்சியோடு பரிசுகளை எடுத்துக் காட்டினார், தந்தையும் சிரித்தார். அன்றே அந்தப் பலவீனம் அகன்றது.

பின்னர் கார்மேல் மடத்தில், தமக்குச் சற்றும் பிடிக்காத சகோதரிக்காகச் செபித்தார், காணும்போதெல்லாம் புன்னகைத்தார். அவரோ தம்மீது தெரேசம்மாளுக்குத் தனிப் பிரியம் என்றே நினைத்தார்! 1897-இல் 24-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நாம் பங்கில் யாரோடு பேசாதிருக்கிறோம்? பூசை முடிந்ததும், அவர் முந்தட்டும் என்றிராமல், நாமே முதலில் புன்னகைப்போமாக.