கடல் கடந்தோரின் காவலர்

சரோஜினி நாயுடு 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் வங்காளத்திலிருந்து அங்குக் குடியேறியவர்கள். பன்னிரண்டாம் வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். இங்கிலாந்தில் பயின்றார். ஆங்கிலத்தில் கவிதைகள் இயற்றிக் ‘கவிக்குயில்’ எனப் போற்றப்பட்டார்.

அக்காலத்தில் ஏழை இந்தியர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜி முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டு விலகினால் தண்டனை உண்டு. இக்கொடுமையை ஒழிக்குமாறு 1917ஆம் ஆண்டு சரோஜினி மேடையேறி முழங்கினார். நாடெங்கும் எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டே அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது.

1924ஆம் ஆண்டு அவர் ஆப்பிரிக்கா சென்றார். கென்யாவின் வளமான மேட்டுநிலங்கள் வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. மொம்பாசா நகரில் கூடிய கிழக்காப்பிரிக்க இந்தியர் மாநாட்டிற்குத் தலைமை ஏற்று, இந்தியரின் சம உரிமைக்காக வாதாடினார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவை அடைந்தார். இந்தியரைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கிவைக்கும் சட்ட முன்வரைவு அங்கு நாடாளுமன்றத்தின் முன் இருந்தது. தமிழர் உள்ளிட்ட இந்தியர் அனைவரும் கலங்கினர். சரோஜினி ஊர் ஊராகச் சென்று அதனை எதிர்த்தார். ஆட்சியாளர்களையும் நேரில் கண்டு பேசினார். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதால் அம்முன்வரைவு நிறைவேறவில்லை. எனினும் அதே நோக்கம் மறுஆண்டே வேறு வடிவில் தலைதூக்கியது, போராட்டமும் தொடர்ந்தது.

1925ஆம் ஆண்டு கான்பூரில் காங்கிரசின் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. விடுதலைக்குப் பின் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராகப் பணியாற்றி, 1949ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் மறைந்தார். பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்வோரும் மதிப்போடு வாழ உரிமையுடையவர் என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.