யார் அந்தக் கிழவனார்?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சென்ற ஆண்டு நம் ஹாம் ரேடியோ கிளப் கலந்துகொண்ட போட்டியில் லாக் எழுதும் வேலை எனக்கு. ராத்திரி இரண்டு மணி இருக்கும். பாதி காதில் விழுந்து, பாதி இரைச்சலில் போன ஓர் அழைப்புக்குறியை, நானே ஓர் எழுத்தைச் சேர்த்து முழுசாக்கி எழுதிவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? மைக் முன்னால் இருந்த சீனியர் அண்ணன் பார்த்தார். திட்டவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த ஸ்டேஷனைத் தேடப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை!

ஹாம் போட்டி என்றால் குறித்த நேரத்துக்குள் எத்தனை ஸ்டேஷன்களோடு முடியுமோ அத்தனையோடு தொடர்பு கொண்டு, அழைப்புக்குறியையும் எண்ணையும் பிழையில்லாமல் மாற்றிக்கொள்ள வேண்டும். அறைக்குள் நடுவர் கிடையாது. லாக்குகளை அப்புறம் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள், வாஸ்தவம். ஆனால் அனுமதித்ததைவிட அதிக வாட் பவர் போட்டோமா, தனி ஆள் பிரிவில் பக்கத்தில் ஒருத்தர் காது கொடுத்தாரா என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இப்படி ஒரு பழக்கத்தை ஆரம்பித்து வைத்த ஆள் யார் என்று தேடப்போய்த்தான் ஹைரம் பெர்சி மேக்ஸிம் என்பவரிடம் வந்து சேர்ந்தேன்.

1869-ல் அமெரிக்காவில் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா யார் தெரியுமோ? மேக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த அதே ஹைரம் மேக்ஸிம்! பிள்ளை எம்.ஐ.டி.யில் 1886-ல் படிப்பை முடித்தபோது பதினேழு வயது நிரம்பவில்லை. அப்புறம் ஹார்ட்ஃபோர்டில் மோட்டார் கார் செய்யும் வேலை. 1909-ல் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்ஸருக்குக் காப்புரிமை வாங்கினார். அப்பா உலகத்துக்குச் சத்தத்தைக் கொடுத்தார், மகன் அதை அடக்கினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரேடியோ கதை 1914 ஏப்ரலில் தொடங்குகிறது. ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு முப்பது மைல்கூட இல்லை. அங்கிருந்த ஒருவரிடம் ஒரு வால்வு வாங்கச் செய்தி அனுப்பப் பார்த்தார். போய்ச் சேரவில்லை. வழியில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இருந்த இன்னொரு ஹாம் அதை வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். அவ்வளவுதான், மேக்ஸிமுக்குப் பொறி தட்டிவிட்டது. இப்படி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றினால் நாடு முழுக்கச் செய்தி போகுமே! அடுத்த மாதமே, இருபது வயதுகூட ஆகாத கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்கன் ரேடியோ ரிலே லீகைத் தொடங்கினார். 1915 டிசம்பரில் கியூஎஸ்டி பத்திரிகையும் வந்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிலேயில் நடுவில் இருப்பவர் ஓர் எழுத்தைத் தானாகச் சேர்த்தால் கடைசி ஆளுக்குப் போவது பொய்ச் செய்தி. (என் ராத்திரி இரண்டு மணி வேலையை நினைத்துக்கொண்டேன்.) லீக் 1930-ல் தொடங்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் போட்டியில் இன்றும் பரிமாறிக்கொள்வது பழைய தந்தியின் தலைப்பு மாதிரியே இருக்கும்: வரிசை எண், முன்னுரிமை, சரிபார்ப்பு எண், இடம்.

ஆட்கள் பெருகினால் ஒழுங்கீனமும் பெருகும் அல்லவா? ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் பேசுவது, அர்த்தமில்லாமல் சாவியைத் தட்டுவது... தலைவர் என்ற முறையில் மேக்ஸிம் சுற்றறிக்கை விட்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. 1917 ஜனவரி முதல் கியூஎஸ்டியில் ஒரு கிழவனார் எழுத ஆரம்பித்தார். எல்லாம் அழுகிப்போச்சு, எவனுக்கும் ஒழுங்காக ஸ்டேஷன் நடத்தத் தெரியவில்லை என்று ஒரே புலம்பல்! வவுஃப் ஹாங் என்றொரு தண்டனைக் கருவியைப் பற்றியும் எழுதி மிரட்டினார். அது என்னவென்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்ள, 1919-ல் கம்பி சுற்றிய இரண்டு மரத்துண்டுகளை லீகுக்கே அனுப்பி வைத்தார். ஹாம்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தங்கள் தப்பையும் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கிழவனார் தலைவரேதான் என்பது அவர் காலமான பிறகுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. என்னைக் கேட்டால் சைலன்ஸரைவிட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

இடையில் 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும் எல்லா ஹாம் ஸ்டேஷன்களையும் மூடச் சொன்னார்கள். போர் முடிந்தும் ரேடியோவைக் கடற்படை கையிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தபோது மேக்ஸிம் வாஷிங்டன் போய் வாதாடினார். 1919 இறுதியில் ஒலிபரப்பும் உரிமை திரும்பக் கிடைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1921 டிசம்பரில் நடந்த அட்லாண்டிக் சோதனை. உதவாது என்று ஹாம்களிடம் ஒதுக்கிவிட்ட 200 மீட்டர் அலையில் கடலைத் தாண்ட முடியுமா? லீக் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. ஆர்ட்ராசன் கடற்கரையில், மழையில், குளிரில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார் மனுஷன். ஆசையில் கேட்காததைக் கேட்டதாக எழுதிவிட்டால்? அதற்கும் வழி செய்திருந்தார்கள். தேர்வு பெற்ற ஸ்டேஷன்களுக்கு ரகசியக் குறியெழுத்துகள் கொடுத்திருந்தார்கள். போதாதற்கு மார்க்கோனி கம்பெனி இன்ஸ்பெக்டர் ஒருவர் சாட்சியாகக் கூடாரத்துக்குள்ளேயே இருந்தார். இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க ஹாம் ஸ்டேஷன்கள் கேட்டன. சந்தேகப்பட ஒருவருக்கும் இடமில்லை.

1925-ல் பாரிஸில் சர்வதேச ஹாம் சங்கம் உருவானபோது மேக்ஸிமையே தலைவராக்கினார்கள். 1936 பிப்ரவரியில் ரயில் பயணத்தின்போது நோய்வாய்ப்பட்டு, கொலராடோ மாநிலம் லா ஹுன்டாவில் காலமானார். அவருடைய டபிள்யூ1ஏடபிள்யூ என்ற அழைப்புக்குறியை லீக் தன் ஸ்டேஷனுக்கு வைத்துக்கொண்டது. அவர் நினைவாக 1938-ல் நியூயிங்டனில் கட்டிய நிலையத்திலிருந்து அது இன்றும் ஒலிக்கிறது.

இந்த ஆண்டு போட்டிக்கு நான்கு நாள் முன்பு, விடிகாலையில் அந்த ஸ்டேஷனின் மோர்ஸ் எங்கள் ரிசீவரில் மெதுவாகக் கேட்டது. லாக்கில் எழுதச் சொன்னார் அண்ணன். கடைசி எழுத்து இரைச்சலில் போய்விட்டது. அது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் அடுத்த முறை அழைப்புக்குறி வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.