பந்தும் சூறாவளியும்: கோரியோலிஸின் கணக்கு

1792 மே 21இல் பாரிஸில் காஸ்பார்-குஸ்தாவ் கோரியோலிஸ் பிறந்தபோது, அவருடைய தந்தை மன்னர் பதினாறாம் லூயிக்கு விசுவாசமான இராணுவ அதிகாரி. சில மாதங்களில் முடியாட்சி கவிழ்ந்தது. குடும்பம் கைக்குழந்தையோடு நான்சி நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தந்தை தொழில் முயற்சியில் இறங்கினார். மகன் படித்து வளர்ந்ததும் அங்கேதான்.

1808இல் எக்கோல் பொலிடெக்னிக் நுழைவுப் பரீட்சையில் இரண்டாமிடம் பெற்றுப் பொறியியலாளரானார். உடல்நலம் எப்போதும் மோசம். தந்தை இறந்ததும் குடும்பச் சுமை அவரிடம் வந்தது. (உழைக்கிற பிள்ளையின் தலையில் எல்லாம் விழுவது நமக்குப் புதிதல்ல.) 1816இல் தான் படித்த கல்லூரியிலேயே கற்பிக்கச் சேர்ந்தார். பௌதிகவியலில் 'வேலை' என்ற சொல்லுக்கு இன்றுள்ள பொருளை நிலைநிறுத்தியது அவருடைய 1829ஆம் ஆண்டு நூல்.

1835இல் பில்லியர்ட்ஸ் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விளையாட்டுப் புத்தகம் என்று அதை ஒதுக்க முடியாது. கோலின் முனையில் தோல் பொருத்தும் வழக்கம் அப்போது பிரான்ஸில் வந்திருந்தது. தோல் வழுக்காது, மையத்தை விட்டு விலக்கி அடித்துப் பந்தைச் சுழற்றலாம். அப்படி அடிபட்ட பந்து முதலில் துணியில் சறுக்குகிறது. சுழலும் திசையும் நகரும் திசையும் பொருந்தாவிட்டால் உராய்வு பாதையை வளைக்கிறது. அந்த வளைவு ஒரு பரவளைவு என்று கோரியோலிஸ் நிறுவினார். சறுக்கல் நின்றதும் பந்து நேர்கோட்டில் உருளும். மையத்துக்கு மேலே, ஆரையின் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் கிடையாக அடித்தால் சறுக்கலே இராது.

இன்று பூல் ஆட்டத்தில் முக்கோணமாக அடுக்கிய பந்துகளை உடைக்கும் முதல் அடிக்கும் இதே கணக்குத்தான். மேற்சுழற்சியோடு போகும் வெள்ளைப் பந்து மோதிய பிறகும் முன்னே பாயும். அதைத் தடுக்கப் பலர் மையத்துக்குச் சற்றுக் கீழே அடிக்கிறார்கள். எவ்வளவு கீழே என்பதைத் துணி தீர்மானிக்கும். புதுத் துணியில் பந்து நெடுந்தூரம் சறுக்கும். கீழ்ச்சுழற்சி மோதும்வரை மிஞ்சும். தேய்ந்த, ஈரம் ஏறிய துணி அதை வழியிலேயே பறித்துவிடும்.

அதே ஆண்டில், சுழலும் இயந்திரங்களுக்குள் நகரும் பொருட்கள் பற்றி ஓர் ஆய்வுரையும் எழுதினார். காற்றைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை இடஞ்சுழியாகச் சுழல வைத்தது, அவர் அதில் காட்டிய விசைதான்.

1838இல் எக்கோல் பொலிடெக்னிக்கின் கல்விப் பணிப்பாளரானார். வகுப்பறைகளில் குளிர்ந்த குடிநீர் வைக்கச் செய்தார். மாணவர்கள் அந்தக் கருவிகளுக்கு அவர் பெயரையே சுருக்கி வைத்தார்கள். 1843 செப்டெம்பர் 19இல், 51 வயதில் இறந்தார். 1829ஆம் ஆண்டு நூலின் திருத்திய பதிப்பு மறுவருடம் வெளிவந்தது.