தளை தட்டாத கருவி

யாப்பிலக்கணங் கற்பிக்கும் நான் துப்பாக்கி செய்த ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். துப்பாக்கியை நான் தொட்டும் அறியேன். ஆயினும், மாணாக்கர் எழுதும் வெண்பாவிலே தளை தட்டும் இடத்தைத் தேடித் திருத்துவதே என் தொழில். பொறியிலே தட்டும் இடத்தைத் தேடித் திருத்துவதில் வாழ்நாளைக் கழித்த ஜோன் மோசஸ் பிறவுணிங் என்பாரிடம் எனக்கு ஈடுபாடு உண்டானது அதனாலேயே.

அவர் 1855 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டாப் பகுதியிலுள்ள ஒக்டன் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் துப்பாக்கிக் கம்மியர். அவர் பட்டறையே மைந்தருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பழுதுற்று வந்த துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தே அவர் கல்வி வளர்ந்தது. 1879 இல் முதலாவது காப்புரிமை பெற்றார். வாழ்நாளிற் பெற்றவை 128.

அக்காலத் துப்பாக்கிகள் பலவற்றிலே ஒவ்வொரு வெடிக்கும் வெற்றுக் கோதை நீக்கிப் புதுத் தோட்டாவை இடுதல் சுடுபவன் கைவேலை. வெடியின் விசையிலே ஒரு பகுதி வீணாவதைக் கண்ட பிறவுணிங், அவ்விசையைக் கொண்டே அவ்வேலையைச் செய்விக்க முயன்றார். கோது வெளியேறலும் அடுத்த தோட்டா புகுதலும் இமைப்பொழுதில் நிகழவேண்டும். ஆதலின் அழுக்கு, எண்ணெயின்மை, பழுதுற்ற தோட்டா, மகசினின் நெளிவு, தளர்ந்த பிடி ஆகிய எதுவும் அந்நடையைக் குலைத்துவிடும்.

அக்குலைவுகளுட் பெருவழக்கானவை மூன்று. விசையை இழுத்தும் வெடியாமை ஒன்று. வெற்றுக் கோது வாயிலிற் சிக்கி நிற்றல் ஒன்று. இரண்டு தோட்டாக்கள் ஒருங்கே புக முயன்று நெருக்குண்ணல் மற்றொன்று. மூன்றுக்கும் முதல் விதி ஒன்றே: குழல்வாய் ஆளில்லாத் திசையை நோக்க, விரல் விசையை விட்டு நீங்கவேண்டும். வெடியாத தோட்டா பிந்தி வெடித்தலும் உண்டாதலால், அரை நிமிடமேனும் பொறுத்தல் வேண்டும். பின்னர் மகசினைக் கழற்றி, மேற்பகுதியைப் பின்னிழுத்துச் சிக்கியதை வெளியேற்றி, அறை வெறுமையாயிற்றா என்று கண்ணாற் காணல் வேண்டும். வெடியோசை மெலிந்து கேட்பின் சன்னம் குழலுள்ளே தங்கியிருக்கலாம். மறுமுறை சுடின் குழல் வெடிக்கும். அங்கே சுடுதலை நிறுத்திக் கம்மியரிடம் கொடுத்தலே அறிவுடைமை.

1911 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கப் படையினர் அவருடைய கைத்துப்பாக்கியைச் சோதித்தனர். 6,000 தோட்டாக்களைச் சுட்டும் அது ஒருமுறையேனும் தட்டவில்லை. அம்மாதமே படைக்கு ஏற்கப்பட்டது.

இங்கே என் மனம் சற்றே தயங்குகின்றது. 1914 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் சரயேவோ நகரிலே ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் வீழ்த்திய கைத்துப்பாக்கியும் பிறவுணிங் வகுத்ததே. அன்றும் அது தட்டவில்லை. அதன்பின் மூண்ட பெரும்போரை உலகறியும்.

1926 நவம்பர் 26 இல், பெல்ஜிய நாட்டின் லியேஜ் நகரருகே, தாம் தொழில் செய்த ஆலையிலேயே மாரடைப்பால் அவர் மறைந்தார். அப்பொழுதும் புதியதொரு கைத்துப்பாக்கியின் அமைப்பிலேயே அவர் சிந்தை இருந்தது.

வெண்பாவில் தளை தட்டினால் ஓசை கெடும். துப்பாக்கி தட்டும்போது கையாள்பவன் பதறினால் உயிர் கெடும். பொறியின் பிழையைப் பெரிதும் அகற்றினார் பிறவுணிங். அதனை ஏந்தும் கையின் பிழையை அகற்றுதல் எந்தக் கம்மியராலும் இயலாது. அது கற்பிப்போரின் கடனாகவே எஞ்சி நிற்கின்றது.