சாதி வேலியைத் தாண்டிய புனித தேவசகாயம்

மண்ணில் பிறப்போர் பலகோடி. மறைந்த பின்னும் மக்கள் மனத்தில் வாழ்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய மறைசாட்சி தேவசகாயத்தின் வாழ்வை நாம் இங்குக் காண்போம்.

இவர் 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் செல்வாக்கு மிக்க நாயர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் அரசுப் பணியில் அமர்ந்தார். பார்கவி அம்மாளை மணந்து இல்லறம் நடத்தினார்.

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. சிறைப்பட்ட டிலனாய் என்பவர் பின்னர் மன்னரின் படைத்தலைவரானார். இல்லத்தில் நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு, அவர் யோபுவின் வரலாற்றைக் கூறித் தேற்றினார். உள்ளம் மாறிய நீலகண்டன் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. மனைவியும் ஞானப்பூ என்ற பெயருடன் திருமறையில் சேர்ந்தார்.

அந்நாளில் இன்ன சாதியார் இத்தனை அடி தொலைவில்தான் நிற்கவேண்டும் என்ற கொடிய வழக்கம் அந்நாட்டில் இருந்தது. தேவசகாயமோ மனிதர் அனைவரும் சமம் என்று போதித்து, ஒடுக்கப்பட்டோருடன் வேற்றுமையின்றிப் பழகினார். உயர்குலத்தார் பலர் சினங்கொண்டனர். 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர்; அடித்த புண்களில் மிளகாய்த் தூளைத் தேய்த்தனர். மூன்றாண்டுத் துன்பத்திலும் அவர் மனம் தளரவில்லை. 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அவரது உடல் கோட்டாறு புனித சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டமும், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் இவரே. பிள்ளை என்ற சாதிப் பெயரை நீக்கி, தேவசகாயம் என்றே திருச்சபை அவரை அறிவித்தது.

ஆயினும், அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் எழுந்த கோவிலின் உள்ளே, சாதிக்கொரு பக்கமாகப் பிரிக்கும் சுவர் நின்றது என்று அறியும்போது நம் நெஞ்சம் வலிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. ஆனால் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் அப்பிரிவினை இன்னும் தொடர்கிறது. புனிதருக்கு மாலை சூட்டிவிட்டு, அவர் வெறுத்த வேற்றுமையை நாம் பேணலாமா?

பீங்கானுக்குப் பேர்பெற்றது நம் விருத்தாசலம். இங்குள்ள சூளையில் வெந்து வரும் கோப்பை, தன்னில் பருகுபவர் யார் என்று கேட்பதில்லை. ஆனால் அதே கோப்பையை ஆளுக்கேற்ப வேறாக வைத்த தேநீர்க் கடைகள் நம் தமிழகத்தில் உண்டு. குற்றம் கோப்பையில் இல்லை, கொடுக்கும் கையில்தான்.

எனவே தோழியரே, வகுப்பில் ஒரே பலகையில் அமர்வதோடு நில்லாமல், ஒருவர் இல்லத்தில் ஒருவர் உண்டு, ஒருவரையொருவர் உடன்பிறப்பாகக் கொள்வோம். புனித தேவசகாயத்திற்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் அதுவே ஆகும்.